வற்றிய குளத்து உயிர்கள்



கோடையில் நீர் வற்றிக் கிடக்கும் குளத்தை நீங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். "இதில் என்ன உயிர் இருக்கப்போகிறது?" என்று எண்ணி அப்பாற் சென்றிருப்பீர்கள். நானும் நெடுங்காலம் அவ்வாறு எண்ணியவனே. அது எத்துணைப் பிழையான எண்ணம் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

குளத்திலும் சதுப்பு நிலத்திலும் வாழும் பிராணிகளுக்கு இரண்டு இடுக்கண்கள் உண்டு. வெயில் ஏற ஏற, நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. பின்னர் நீரே இல்லாது போகிறது. இவ்விரண்டையும் வெல்லும் வழிகளை அவற்றுட் பல பெற்றிருக்கின்றன.

விரால் மீனைப் பாருங்கள். செவுள்களுக்கு மேலே காற்றைத் தேக்கிவைக்கும் அறை அதற்கு உண்டு. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து அது காற்றை விழுங்குகிறது. மேலே வரவிடாமல் தடுத்தால், வளர்ந்த விரால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும்! குளம் வற்றும்போது அது சேற்றில் புதைந்துகொள்கிறது. ஈரம் இருக்கும்வரை உயிர் தாங்குகிறது.

பனையேறிக் கெண்டைக்கும் இத்தகைய உறுப்பு உண்டு. 1791ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்னும் டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனைமரம் ஒன்றில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அக்குறிப்பை வெளியிட்டது. மரமேறும் செய்தியைப் பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர். ஆனால், செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, ஈரநிலத்தின்மீது ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்கு அது நகர்ந்து செல்வதில் ஐயமில்லை.

குளத்து நத்தையோ செவுள், நுரையீரல் இரண்டையும் உடையது. வறட்சி வந்ததும் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயிலை மூடியால் அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை உறங்குகிறது. பெருந்தவளையும் மண்ணுக்குள் பதுங்கியிருந்து முதல் மழைக்கு வெளிவருகிறது. அப்போது ஆண் தவளைகள் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கொண்டு கூவும். வயல்களில் பயிரைத் தின்னும் பூச்சிகளை இரையாக்கிக்கொள்வதால் தவளை உழவனுக்கு நண்பன். ஆயினும் அதன் கால்கள் பெருமளவில் அயல்நாடுகளுக்கு உணவாக அனுப்பப்பட்டு வந்தன. 1987இல் இந்திய அரசு அவ்வேற்றுமதிக்குத் தடை விதித்தது.

இனி, என் பிழையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த காலத்தில், எங்கள் ஊர்க்குளம் ஒன்று வறண்டு கிடந்தது. அதனை மண்ணிட்டு மேடாக்கி விளையாட்டுத் திடல் அமைக்கலாம் என்று ஊரார் கூடி முடிவு செய்தனர். அப்போது ஆசிரியனாக இருந்த நானும் மகிழ்ந்து கையொப்பமிட்டேன். கரையோரம் மண் வெட்டிய கூலியாள் ஒருவர் கைநிறைய நத்தைகளைக் கொண்டுவந்து, "ஐயா, இவை செத்தவை அல்ல, தூங்குகின்றன," என்றார். நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு நல்ல மழை பெய்தது. அன்றிரவு திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் செவிகொடுத்தேன். ஒரு தவளையின் குரலும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில், கொக்கொன்று அத்திடலின் நடுவே சிறிதுநேரம் நின்று பறந்து போயிற்று. வறுமையில் வாடிய வீட்டை, ஆளில்லாத வீடென்று எண்ணி இடித்தவன் போலானேன்.

இப்பிழை சிற்றூர்களில் மட்டும் நிகழ்வதன்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வீணான நிலமென்று கருதப்பட்டது. குப்பை கொட்டப்பட்டும் கட்டடங்கள் எழுந்தும் அதன் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சிய பகுதி 2022இல், 1971ஆம் ஆண்டின் ராம்சார் ஒப்பந்தப்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எஞ்சியது காக்கப்பட்டது நன்றே, மறைந்தது மீளுமோ?

மாணவர்களே, நீர் நிறைந்த குளத்தின் அழகை எவரும் அறிவர். வற்றிய குளத்தை மதிப்பதற்குத்தான் கல்வி வேண்டும். அடுத்த முதல் மழையன்று உங்கள் ஊர்க்குளக்கரைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று செவிகொடுங்கள். அங்கே குரல் கேட்குமாயின், அக்குளத்தைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்று கொள்ளுங்கள்.