600 வருஷம் லேட்டா வந்த நெருப்பு

நம்ம நேயர்கள்கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "விக்கிப்பீடியால யார் வேணும்னாலும் எழுதலாமே, அப்புறம் அதை எப்படிங்க நம்புறது?" நான் பகல்ல கோட் எழுதுறவன், ராத்திரி கொஞ்சம் விக்கி தொகுக்கிறவன். அதனால பொதுவா ஒரு பதில் சொல்லிட்டுப் போகாம, ஒரே ஒரு கதையை எடுத்துப் பிரிச்சுப் பார்க்கலாம். அதுவும் சண்டை அதிகமா நடக்கிற ஏரியாவுல இருந்தே எடுப்போம்: இஸ்லாமிய வரலாறு.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதாவே இருக்கும். வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கு. 642-ல அம்ர் இப்னு அல்-ஆஸ் தலைமையில அரபுப் படை அலெக்ஸாண்டிரியாவுக்குள்ள வருது. அங்க இருக்கிற பெரிய நூலகத்தை என்ன பண்றதுன்னு கலீஃபா உமருக்குக் கடிதம் போகுது. அந்தப் புத்தகங்கள் குர்ஆனோட ஒத்துப்போனா அவை தேவையில்லை, ஒத்துப்போகலைன்னா இருக்கவே கூடாதுன்னு பதில் வருது. ஊர்ல இருந்த குளியல் கூடங்களுக்கெல்லாம் புத்தகங்களை விறகா அனுப்புறாங்க. ஆறு மாசம் எரியுது.

கேட்டாலே மனசு பதறுற கதை. இப்ப இதை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில எப்படி எழுதுவீங்க?

ஒருத்தர் வந்து, "642-இல் உமரின் ஆணைப்படி நூலகம் எரிக்கப்பட்டது" அப்படின்னு ஒரே வரியில எழுதிட்டுப் போறாரு. அடுத்த அரை மணி நேரத்துல இன்னொருத்தர் வந்து, "இது அவதூறு"ன்னு சொல்லி மொத்தப் பத்தியையும் தூக்கிடறாரு. முதல் ஆள் திரும்பப் போடறாரு, ரெண்டாவது ஆள் திரும்ப எடுக்கறாரு. ஆங்கில விக்கில இதுக்குன்னே ஒரு விதி இருக்கு: ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துக்குள்ள மூணு தடவைக்கு மேல ரிவர்ட் பண்ணினா உங்களைத் தடை செய்யலாம். அது சண்டையை நிறுத்தும், ஆனா கட்டுரையைச் சரி பண்ணாது. என் பார்வையில ரெண்டு பேரும் செய்றது தப்பு. ஏன்னு பார்ப்போம்.

இந்த வரியை முதல்ல எழுதினது யாரு?

டெவலப்பர் நண்பர்களுக்கு 'கிட் பிளேம்' தெரியும். ஒரு வரி கோட் உடைஞ்சிருந்தா, அதை யார் எழுதினாங்க, எந்தத் தேதியில எழுதினாங்கன்னு காட்டுற கமாண்ட். வரலாற்றுலயும் முதல் வேலை அதுதான்.

அலெக்ஸாண்டிரியா கதைக்கு அப்படிப் போட்டுப் பார்த்தா நமக்குக் கிடைக்கிற பழைய பெயர்கள் மூணு. அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, இறந்தது 1231. போற போக்குல ஒரு வரி சொல்றாரு. இப்னு அல்-கிஃப்தி, இறந்தது 1248. அந்தக் கடிதக் கதையை விரிவா சொல்றவர் இவர்தான். பார் ஹீப்ரேயஸ், இறந்தது 1286. இவர் கிறிஸ்தவ ஆயர். இவரோட அரபு நூலை 1663-ல எட்வர்ட் போகாக் லத்தீன்ல மொழிபெயர்க்க, கதை ஐரோப்பாவுல பரவுது.

சம்பவம் 642. முதல் சாட்சி 1200-களில். நடுவுல கிட்டத்தட்ட 600 வருஷம்!

சரி, அந்த 600 வருஷத்துல வேற யாரும் எழுதலையா? எழுதியிருக்காங்க. நிக்கியூ நகரத்து ஆயர் ஜான் எகிப்துக்காரர், ஏழாம் நூற்றாண்டோட கடைசியில எழுதினவர். அரபுப் படைகளைப் பத்தி நல்ல வார்த்தை சொல்லணும்னு அவருக்கு எந்த அவசியமும் இல்ல, கொடுமைகளைப் பட்டியல் போடறாரு. நூலகம் எரிஞ்சதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எகிப்து கைப்பற்றப்பட்டதைப் பத்தியே தனி நூல் எழுதின இப்னு அப்துல் ஹகம், இறந்தது 871. அவர்கிட்டயும் இல்ல.

இன்னொரு ஓட்டை. அல்-கிஃப்தி கதையில புத்தகங்களைக் கேட்டு அம்ர்கிட்ட வர்றவர் யோவான் பிலோபோனஸ்ங்கிற தத்துவ அறிஞர். அவர் ஆறாம் நூற்றாண்டு ஆளு. 642-ல உயிரோட இருந்திருக்கவே முடியாது. பழைய பெரிய நூலகமும் ஜூலியஸ் சீசர் காலத்துத் தீ, அப்புறம் வந்த போர்கள்னு படிப்படியா அதுக்கு முன்னாடியே அழிஞ்சுபோச்சுங்கிறதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களோட கருத்து. அதோட சேர்த்துச் சொல்லப்படற செராபியம் கோயிலை இடிச்சதே கி.பி. 391 வாக்குல.

இதை நானே எழுதிடலாமா?

இங்கதான் ஒரு ட்விஸ்ட். மேல நான் அடுக்கின வாதத்தை அப்படியே கட்டுரையில "ஆகவே இது பொய்"ன்னு முடிக்க எனக்கு உரிமை இல்ல. விக்கியோட மூணு அடிப்படைக் கொள்கைகள்ல ஒண்ணு, சொந்த ஆய்வு கூடாதுங்கிறது. மத்த ரெண்டு, நடுநிலை நோக்கும் மெய்யறிதன்மையும். மூல நூலைப் படிச்சுட்டு நானே தீர்ப்பு சொல்லக்கூடாது. அந்த மூலங்களை எடைபோட்ட வரலாற்று ஆசிரியர்கள் என்ன சொன்னாங்கன்னு எழுதணும். 18-ஆம் நூற்றாண்டுலயே எட்வர்ட் கிப்பன் இந்தக் கதையைச் சந்தேகப்பட்டாரு. 1902-ல ஆல்ஃப்ரெட் பட்லர், அரபுகள் எகிப்தைக் கைப்பற்றின வரலாற்றை எழுதும்போது, இதை அலசி நிராகரிச்சாரு. பிற்காலத்துல பெர்னார்ட் லூயிஸும் நிராகரிச்சாரு.

அப்ப கட்டுரையில வரவேண்டியது இந்த மாதிரி: "உமரின் ஆணைப்படி நூலகம் எரிக்கப்பட்டதாக 13-ஆம் நூற்றாண்டு நூல்கள் கூறுகின்றன. அதற்கு முந்தைய ஆதாரங்களில் இச்செய்தி காணப்படவில்லை. இக்கால வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை." மூணு வாக்கியம். மூணுக்கும் மேற்கோள்.

முதல் ஆள் மாதிரி இதை நடந்த சம்பவமா எழுதல. ரெண்டாவது ஆள் மாதிரி கதையை மறைக்கவும் இல்ல. ஏன் மறைக்கக்கூடாதுன்னா, அப்படி ஒரு கதை நூற்றாண்டுக்கணக்கா உலவுறது உண்மை. அதைத் தேடித்தான் ஒரு மாணவி இந்தப் பக்கத்துக்கே வர்றா. அவளுக்கு அங்க பதில் இல்லேன்னா அடுத்து வாட்ஸ்அப்புக்குத்தான் போவா. அதே சமயம், "சிலர் எரித்தார் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள்"னு அம்பதுக்கு அம்பது பிரிச்சுக் கொடுக்கிறதும் நடுநிலை இல்ல. ஆய்வாளர்கள் மத்தியில எடை எந்தப் பக்கம் சாயுதோ, கட்டுரையிலயும் அந்தப் பக்கம்தான் சாயணும்.

இப்ப தராசைத் திருப்புவோம்

இதுவரைக்கும் கேட்டுட்டு, "சூப்பர், அவதூறை உடைச்சிட்டீங்க"ன்னு சந்தோஷப்படறவங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை.

உலகத்தோட பழமையான பல்கலைக்கழகத்தைத் தொடங்கினது ஒரு முஸ்லிம் பெண்: பாத்திமா அல்-ஃபிஹ்ரி, மொராக்கோவுல ஃபெஸ் நகரம், வருஷம் 859. மகளிர் தினம் வந்தா இந்தப் போஸ்டர் வராத குரூப்பே கிடையாது. எனக்கும் ரொம்பப் பிடிச்ச கதை.

அதே கேள்வி: யார் எழுதினது, எப்ப எழுதினது? நமக்குக் கிடைச்சிருக்கிற பழைய ஆதாரம் இப்னு அபீ ஸர் எழுதின ஃபெஸ் வரலாறு. அது 14-ஆம் நூற்றாண்டு. இடைவெளி 400 வருஷத்துக்கும் மேல. அதுவும் இல்லாம, அதே அல்-கராவிய்யீன் பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறப்ப கிடைச்ச ஒரு பொறிப்பு வாசகம், 877-ல தாவூத் இப்னு இத்ரீஸ் கட்டினதா சொல்லுது. அதனால சில வரலாற்று ஆசிரியர்கள் பாத்திமா கதையைச் சந்தேகத்தோட பார்க்கிறாங்க. முதல்ல கட்டினது பள்ளிவாசல், கல்விக்கூடமா வளர்ந்தது பின்னாடி. அதனால பல்கலைக்கழகம்ங்கிற சொல்லே பொருந்துமான்னும் ஒரு விவாதம் இருக்கு.

கவனிங்க, ரெண்டு கதையும் ஒண்ணு இல்ல. உமர் கதையில செத்துப்போன ஆள் வந்து பேசறாரு. பாத்திமா கதையில அப்படி ஒரு ஓட்டை கிடையாது. அதனால இங்க "நிராகரிக்கிறார்கள்"னு எழுத முடியாது. "மரபுவழிச் செய்தி இப்படிக் கூறுகிறது, ஆதாரம் 14-ஆம் நூற்றாண்டு, சிலர் ஐயம் எழுப்புகின்றனர்"னு எழுதலாம். தராசு ஒண்ணுதான், எடை வேற வேற. பிடிக்காத கதைக்கு 600 வருஷ இடைவெளியைக் காட்டிட்டு, பிடிச்ச கதைக்கு 400 வருஷத்தைக் கண்டுக்காம விட்டா, நாம செய்றது தொகுத்தல் இல்ல, வக்கீல் வேலை.

வினைமுற்றுலயே கட்சி தெரிஞ்சிடும்

தமிழ்ல எழுதும்போது கூடுதலா ஒரு சிக்கல். ஆங்கிலத்துல இல்லாத ஒரு 'ர்' நம்மகிட்ட இருக்கு. ஒரே கட்டுரையில ஒரு அரசர் "வென்றார்", இன்னொருத்தன் "கொள்ளையடித்தான்". மேற்கோளே தேவையில்ல, எழுதினவர் யார் பக்கம்னு விகுதியே சொல்லிடும். நகரம் கைப்பற்றப்பட்டதா, ஆக்கிரமிக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதா? அரபு நூல்கள் 'ஃபுதூஹ்'னு சொல்லும், திறப்புகள்னு அர்த்தம். அது வென்றவங்களோட சொல். தோத்தவங்க வேற சொல் வெச்சிருப்பாங்க. எல்லாருக்கும் 'ஆர்' விகுதி, எல்லாப் படைக்கும் ஒரே வினைச்சொல். இதை மட்டும் பிடிச்சுக்கிட்டாலே பாதி சண்டை குறையும்.

ஆதாரம் கேக்கிறதே மேற்கத்திய வழக்கம்னு பேச்சுப் பக்கத்துல வாதாடறவங்க உண்டு. அப்படி இல்லீங்க. ஹதீஸ் கலையில ஒரு செய்தியோட அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்னு அறிவிப்பாளர் தொடரே கூட வரும். 923-ல இறந்த தபரி தன்னோட பெரிய வரலாற்று நூல்ல ஒரே சம்பவத்துக்கு ரெண்டு மூணு அறிவிப்புகளை, யார் சொன்னாங்கங்கிற விவரத்தோட வரிசையா வைக்கிறாரு. எனக்கு வந்ததை வந்தபடி கொடுத்திருக்கேன்னு முன்னுரையிலயே சொல்லிடறாரு. கமிட் ஹிஸ்டரியை அழிக்காம விட்டுட்டுப் போன மனுஷன்.

கடைசியா ஒண்ணு. இந்த மாதிரிப் பக்கங்கள்ல, முஸ்லிம் பெயர் இருக்கிற ஒருத்தர் மேற்கோளோட எழுதினாலும் "அவர் அப்படித்தான் எழுதுவார்"னு ஒரு கமெண்ட் வரும். வேற பெயர் இருந்தா, "இவருக்கு இதுல என்ன அக்கறை?"ன்னு வரும். கோட் ரிவ்யூல நாம டிஃப்பைத்தானே பார்ப்போம், எழுதினவரோட ஜாதகத்தையா பார்ப்போம்? இங்கயும் அதேதான். மேற்கோளைத் திறந்து பாருங்க. அந்தப் பக்கத்துல அந்த விஷயம் இருக்கா, இல்லையா? விவாதம் அதோட முடியணும். ஏன்னா இந்த வரிகள் விக்கியோட நிக்கிறதில்ல. பள்ளிக்கூட அசைன்மென்ட்டுக்குப் போகுது, யூடியூப் வீடியோவுக்குப் போகுது, இப்ப ஏஐ மாடல்களுக்கும் போகுது. 1,400 வருஷத்துக்கு முன்னாடி நடக்காத ஒரு தீக்கு, இன்னைக்கு வகுப்புல உக்காந்திருக்கிற ஒரு பையன் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

அடுத்த தடவை ஒரு ஃபார்வேர்ட் வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க: முதல்ல சொன்னது யாரு? சம்பவத்துக்கும் அவருக்கும் நடுவுல எத்தனை வருஷம்? பிடிச்ச ஃபார்வேர்டா இருந்தா, கட்டாயம் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.