மொழியும் வணிகமும் சேர்ந்தால்



கிளியனூர், மரக்காணம் பக்கத்து வீடுகளில் பி.காம். முடித்த பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "வெளிநாட்டுக்குப் போய் எம்.பி.ஏ. படிக்கட்டுமா?" தாராளமாகப் படியுங்கள். அந்த நாட்டு மொழியையும் சேர்த்துப் படியுங்கள். இதை வலியுறுத்த, பக்கத்துப் புதுச்சேரியில் 300 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. பெரிய வணிகர். 1716இல் பிரெஞ்சு அதிகாரிகள் குற்றம் சாட்டி அவரைச் சிறையில் அடைத்தார்கள், சொத்தைப் பறித்தார்கள். விசாரணை ஆவணங்கள் பிரெஞ்சில் இருந்தன. அவருக்கோ பிரெஞ்சு தெரியாது. மறுவருடம் சிறையிலேயே இறந்துபோனார்.

அவர் மகன் குருவப்பப் பிள்ளை நியாயம் கேட்டுக் கப்பலேறி பிரான்சுக்கே போனார். தந்தைமேல் விழுந்த பழி நீங்கியது. பாரிசில் ஞானஸ்நானம் பெற்றார். நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. செவாலியே பட்டத்தோடு திரும்பியவர், 1722இல் தந்தையின் பதவியில் அமர்ந்தார். அந்தக் குடும்பத்து உறவினர்தான் பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாகி (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாகி), நமக்கு நாட்குறிப்பு தந்த ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பன்மொழி அறிந்தவர். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார்.

மொழி தெரியாத வணிகர் தடுமாறுவார், தெரிந்தவர் உயர்வார் என்ற நிலை இன்றைக்கும் மாறவில்லை. ஐரோப்பாவில் பல மேலாண்மைப் படிப்புகளை ஆங்கிலத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் பயிற்சி வேலைக்கும், பிறகு நல்ல வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது, "பிரெஞ்சு பேசுவீர்களா, ஜெர்மன் பேசுவீர்களா?" என்றுதான் கேட்பார்கள். நம் ஊர் ஆயத்த ஆடையையோ தோல் பொருளையோ இறாலையோ வாங்கும் அயல்நாட்டு வணிகரிடம் அவர் மொழியிலேயே விலை பேசவும், ஒப்பந்தத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது. கணக்கு தெரியாமல் மொழி மட்டும் தெரிந்தால் மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவோம். மொழி தெரியாமல் கணக்கு மட்டும் தெரிந்தால் பேரம் பேச இன்னொருவரை நம்பியிருப்போம்.

வாய்ப்பு வளர்ந்துவருகிறது. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதே தன் இலக்கு என்று பிரான்ஸ் அறிவித்திருக்கிறது. ஐரோப்பிய மொழித் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்கப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். அது நான்காவது படி. ஓரிரு மாதங்களில் ஏறிவிட முடியாது. ஆகவே கல்லூரியில் படிக்கும்போதே தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இயங்கிவருகிறது. ஜெர்மனுக்குச் சென்னையில் கோதே நிறுவனம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்விக் கடனுக்கு வங்கிப் படி ஏறுவதற்கு ஓராண்டு முன்னதாகவே பிள்ளையை மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சிறு செலவுதான் பெரிய கடனுக்குக் காப்பு.