மண்டையோடு குலம் உரைக்குமோ?

(கருவடிக்குப்பத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில், நம் குல வரலாற்றை நூலாக அச்சிடவேண்டுமென்று தீர்மானம் நிறைவேறிற்று. அப்போது அன்பர் ஒருவர் எழுந்து, "நம் இரத்தம் ஆதிமுதல் கலப்பற்றது என்பதை முதல் ஏட்டிலேயே பொறித்தல் வேண்டும்" என்றார். அவையோர் கரகோஷம் செய்தனர், யானும் செய்தேன். ஆயினும் வீடு சென்றபின் என் உள்ளம் அமைதியுறவில்லை. அவ்வாறு பொறிக்க நமக்கு ஆதாரம் உண்டா? மனிதனது உடலையும் தோற்றத்தையும் ஆராயும் மானிட நூல் இதனைப்பற்றி யாது கூறுகின்றது? அதுவே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டா. நம் ஊருக்கு வடக்கே பொம்மையார்பாளையத்துச் செம்மண் மேடுகளை நீங்கள் அறிவீர்கள். 2001ஆம் ஆண்டில் அப்பகுதியில் ஓடை என்னும் இடத்தில், இறுகிய செம்பாறைக்குள் ஒரு குழந்தையின் மண்டையோடு கல்லாய்ச் சமைந்திருந்ததாகக் கேரளப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பி. இராஜேந்திரன் அறிவித்தார். அதன் வயது ஏறத்தாழ 1,66,000 ஆண்டு என்பது அவர் கணிப்பு. அறிஞர் யாவரும் அதனை ஒப்புக்கொண்டிலர்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகளும் நம் நாட்டில் உண்டு. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் வெளிப்பட்டன. பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலியோர் அவ்விடத்தை அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்தோர் நம்மினத்துக்கு முந்திய மனிதர். நம்மினத்தின் மிகப் பழைய எலும்புகளோ மொராக்கோ நாட்டில் ஜெபல் இர்ஹூத் என்னுமிடத்தில் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. ஆப்பிரிக்காவினின்று புறப்பட்டு உலகெங்கும் பரவிய மக்களின் வழித்தோன்றல்களே நாம் யாவரும். ஆதியைத் தேடிச் செல்வோமாயின் எல்லாக் குலத்தாரும் அங்கே ஒரே வீட்டில்தான் போய்ச் சேர்வோம்.

"அது கிடக்கட்டும், பின்னராவது குலத்துக்குக் குலம் உடல் வேறாயிற்றன்றோ?" என்று வினவலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இதனை அளந்தே பார்த்தனர். 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் என்பார், அளவுகோலுடன் ஊர் ஊராகச் சென்று தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னாட்டுச் சாதிகளைப்பற்றி அவர் ரங்காச்சாரியின் துணையுடன் எழுதிய நூல் 1909இல் ஏழு பாகங்களாக வெளிவந்தது. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி ஓர் எண்ணைக் கண்டனர். அவ்வெண் ஏற ஏறச் சாதியின் அந்தஸ்து இறங்கும் என்று ரிஸ்லி என்னும் அதிகாரி விதி வகுத்தார்.

அவ்விதி நிலைக்கவில்லை. ஒரே சாதியில், ஏன், ஒரே தாய் வயிற்றில் பிறந்தோரிடத்தும் கூர்மூக்கும் சப்பைமூக்கும் உண்டென்பதை நம் வீட்டுத் திருமணப் படங்களே காட்டும். அமெரிக்காவில் பிரான்சு போவாஸ் என்னும் அறிஞர், குடியேறிய மக்களையும் அவர்தம் பிள்ளைகளையும் சுமார் 18,000 பேரை அளந்து, ஒரு தலைமுறைக்குள்ளேயே தலையின் வடிவம் மாறுபடுவதை 1912இல் காட்டினார். உணவும் வாழ்வும் மாற்றக்கூடிய ஒன்று குலத்தின் முத்திரையாவது எங்ஙனம்?

இனி இரத்தத்துக்கு வருவோம். ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்துத் தங்கராஜ் முதலியோரும் அமெரிக்க அறிஞரும் கூடி, 73 கூட்டத்தாரின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்வரை இந்நாட்டில் மக்கள் தாராளமாகக் கலந்தனர். அதன் பின்னரே தத்தம் கூட்டத்துக்குள் மட்டும் மணஞ்செய்யும் வழக்கம் இறுகிற்று என்பது அம்முடிவு. ஆகவே நம் இரத்தமும் கலந்த இரத்தமே. கதவு பின்னர் அடைக்கப்பட்டது. அடைக்குமுன் வீட்டில் எல்லோரும் இருந்தனர்.

கதவை அடைத்ததனால் விளைந்த தீங்கையும் நாம் அறிதல் வேண்டும். ஒரு குறையுள்ள மரபணு ஒருவரிடம் ஒற்றையாய் இருக்கும்போது பெரும்பாலும் துன்பம் செய்யாது. தாய் தந்தை இருவரும் அதே குறையைத் தாங்குவாராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. சிலரே முன்னோராயிருந்து பெருகிய கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யின், இவ்வாறு நேர்வது மிகும். 2017இல் 260க்கு மேற்பட்ட தெற்காசியக் கூட்டங்களை ஆராய்ந்தபோது, 81 கூட்டங்களில் இவ்வபாயத்துக்குரிய நிலை வலுவாயிருப்பது தெரிந்தது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கம் இதனை இன்னும் மிகுவிக்கும். காரணம் அறியாது குழந்தைகளைப் பறிகொடுத்துத் "தலைவிதி" என்று கண்ணீர் வடித்த தாய்மார் நம்மிடையே இலரா? நாம் பெருமையென்று சொல்லும் கலப்பின்மைக்கு விலை கொடுப்போர் அவர்களே.

ஆதலின் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் குல வரலாற்றை எழுதுவோம்; முன்னோர் செய்த தொழிலையும், வெட்டிய குளத்தையும், படிக்கவைத்த பிள்ளைகளையும் எழுதுவோம்; "கலப்பற்ற இரத்தம்" என்ற சொல்லை மட்டும் விலக்குவோம். இரண்டாவது, நெருங்கிய உறவில் சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனைபற்றிக் கேட்போம். புறத்தே மணந்த நம் பிள்ளைகளை இரத்தத்தின் பேரால் ஒதுக்காதிருப்போம்.

கருவடிக்குப்பத்துச் சுடுகாட்டை அறியாதார் புதுவையில் இலர். அங்கே நின்று, எரிந்தடங்கிய எலும்பைப் பொறுக்கும்போது, இஃது இன்ன குலத்து எலும்பு என்று எவரேனும் கூறியதுண்டா? ஆராய்ச்சியாளராலும் கூற இயலவில்லை.