உப்பு வண்டி எண்ணிய மகளிர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பண்டைப் பாடல்களில் வீரமும் நாடிழப்பும் என்பது எனக்குப் பணிக்கப்பட்ட பொருள். நான் புலவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறியதும் ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகச் சரக்குக் கணக்கு எழுதி வருபவன். நான் கற்ற தமிழ் பெரும்பாலும் இரவுப் பணியின் இடைவேளைகளிற் கற்றது. பிழை நேரின் இவ்வவையிலுள்ள தமிழறிந்த பெரியோர் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

வீரமும் நாடிழப்பும் என்றவுடன் உங்களுட் பலர்க்கு இராமகாதை நினைவில் எழுந்திருக்கும். முடிசூடுதல் இல்லை, காடு செல்க என்ற சொற்கேட்ட இராமனின் திருமுகம் முன்னினும் பொலிந்ததாகக் கம்பர் காட்டும் இடம் நம் வீடுகளிற் பலமுறை பேசப்பட்டதே. பாண்டவர் கானகம் புக்க கதையை வில்லிபுத்தூரார் வாயிலாக அறிந்தோரும் இங்குளர். ஆயினும் ஒன்று நினைக்கத் தக்கது. இராமனுக்குப் பதினான்கு ஆண்டு; பாண்டவர்க்குப் பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைந்துறைதலும். எல்லை வகுத்த பிரிவு அது. நாளை எண்ணலாம், எண்ணி முடித்தால் திரும்பிச் செல்ல ஊர் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர்களுக்கோ எல்லையும் இல்லை, திரும்பிச் செல்ல ஊரும் இல்லை. அவர்கள் பறம்பு மலைத் தலைவன் வேள் பாரியின் மகளிர் இருவர். அவர்களோடு நடந்தவர் கபிலர்.

அங்கவை, சங்கவை என்று நாம் வழங்கும் பெயர்கள் பிற்கால வழக்கு. புறநானூற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பாரி மகளிர் என்பதே அடையாளம். 1894-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டிராவிடில் அந்த அடையாளமும் நமக்குக் கிடைத்திராது.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவனுடைய நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன. அம்முந்நூறும் இரவலர் கைக்கு முன்னமே சென்றுவிட்டன. சேர, சோழ, பாண்டியர் மூவரும் படை திரட்டிவந்து மலையை முற்றியபோது, எஞ்சியிருப்பவை பாரியும் தானும் இக்குன்றுமே, படை கொண்டு வந்தால் கிடையா, பாடிக்கொண்டு வந்தால் கிடைக்கும் என்று கபிலர் அவர்களை எள்ளிப் பாடினார். உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலையைப் பசியால் பணிவிக்க முடியாதென்பது அவர் கொண்ட துணிவு. முற்றுகையின்போது கபிலரின் சூழ்ச்சியால் கிளிகள் நெற்கதிர் கொண்டுவந்த செய்தியை அகநானூற்றில் நக்கீரர் குறிக்கின்றார். இவ்வளவும் வீரத்தின் பாற்பட்டவை, கேட்க இனியவை. முடிவில் பாரி வஞ்சனையால் கொல்லப்பட்டான் என்பர். மலை பிறர் கைப்பட்டது.

மலை வீழ்ந்த பின்பே கதை தொடங்குகிறது என்பது எளியேன் கருத்து. மற்ற நாட்டுப் போர்ப்பாடல்கள் பல கோட்டை வீழ்ந்த அளவில் நின்றுவிடும். புறநானூறோ 105-ஆம் பாட்டு முதல் 120-ஆம் பாட்டு வரை பாரியையும் பறம்பையும் ஒருங்கே தொகுத்து வைத்திருக்கிறது. அவற்றுட் பின்னுள்ளவை பெரும்பாலும் வெற்றியைப் பேசுவன அல்ல. இழந்த மலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவை. ஒன்றில் கபிலர் கண்ணீர் மல்க மலையைத் தொழுது விடைபெறுகிறார். பாரி இறந்தான், இம்மகளிர்க்கு உரிய கணவரைத் தேடிச் செல்கின்றோம் என்று மலையிடமே சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். அடுத்ததில் சிறிது தொலைவு நடந்தாயிற்று. இங்கு நிற்பவர்க்கும் மலை தெரிகிறது, இன்னும் சற்று அப்பாற் சென்றவர்க்கும் தெரியும் என்கிறார். ஊரை விட்டுப் புறப்பட்ட வண்டியின் சன்னலில் தலையை நீட்டிக் கோயிற் கோபுரம் மறையுமட்டும் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. பின்னொரு பாட்டில் எட்டாம் நாள் திங்கள் போல வளைந்த கரையையுடைய சிறுகுளம் ஒன்று காப்பாரின்றி உடைந்து கிடக்கிறது. பெரிய அரசு அழிந்ததைச் சொல்ல ஒரு சிறு குளத்தின் கரை போதுமானதாயிற்று.

மகளிர் தாமே பாடியதாக ஒரு பாட்டு உள்ளது, 112-ஆவது. ஐந்தே அடி. சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைக்கிறார்கள்; அவ்வளவே. இடைப்பட்ட ஒரு மாதத்தில் தந்தையும் மலையும் போயின. சாபம் இல்லை, நீதி கேட்டல் இல்லை. கொன்றவர்களை வென்று முரசறைந்த வேந்தர் என்றே குறிப்பிடுகின்றனர். அது குறிப்பால் இகழ்ந்த சொல் என்று உரை கூறுவோர் உளர். என் சிற்றறிவிற்கு அது இகழ்ச்சியாகத் தோன்றவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டவர் பகைவரையும் முறையான பெயர் சொல்லியே அழைப்பர் அன்றோ!

நான் இன்று முதன்மையாகச் சொல்லக் கருதியது 116-ஆம் பாட்டைப் பற்றி. பீர்க்கும் சுரையும் படர்ந்த ஒரு சிறு வீடு. அதன் அருகே ஈந்தின் இலை கிடக்கும் குப்பைமேடு. தந்தையின் மலையில் இருந்த நாளில், முற்றுகையிட்ட வேந்தரின் குதிரைகளை உயர்ந்த இடத்தில் நின்று எண்ணிய அதே பெண்கள், இப்போது அக்குப்பைமேட்டின்மீது ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை ஒன்று, இரண்டு என எண்ணுகிறார்கள். அதைக் கண்டு நிற்கமாட்டாமல், தம் வாழ்நாள் முடிக என்கிறார் கபிலர்.

இப்பாட்டை நான் முதன்முறை படித்தது சரக்கு அலுவலகத்தின் மேசையில். கட்ச் பக்கத்திலிருந்து உப்பேற்றி வந்த சரக்கு வண்டி அன்று எங்கள் யார்டில் நின்றிருந்தது. நம் காலனிப் பிள்ளைகள் மாலையில் தடத்தை ஒட்டிய மேட்டில் நின்று வேகன் எண்ணுவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். கார்டின் பெட்டி வந்ததும், என் கணக்கு நாற்பத்தொன்று, உன் கணக்கு நாற்பது என்று பூசலும் இடுவார்கள். அது விளையாட்டு. பாரி மகளிர் எண்ணியதும் விளையாட்டே. அவர்களும் சிறுமியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துயரம் முழுதும் பார்த்து நின்ற பெரியவருக்கே; எண்ணிய குழந்தைகள் அந்நேரத்தில் எண்ணிக்கையிலேயே மகிழ்ந்திருக்கவும் கூடும். அதுவே கபிலரால் தாங்க முடியாமற் போயிற்று என்று நினைக்கின்றேன்.

நிற்க. நாமும் நாடு விட்டு வந்தவர்கள், ஆகவே பாரி மகளிர் நிலையே நம் நிலையும் என்று நம் ஆண்டு விழாக்களிற் சிலர் உருகிப் பேசுவதுண்டு. அதனை நான் ஒப்பமாட்டேன். நாம் உத்தரவின்மேல் வந்தவர்கள். ஆண்டுதோறும் பாஸ் எடுத்துக்கொண்டு ஊர் சென்று மாவடு ஊறுகாயுடன் திரும்புகின்றவர்கள். ஓய்வு பெறும் நாளும் நமக்குத் தெரியும். நம் பிரிவு எல்லையுள்ள பிரிவு. இராமனுடையதைப் போன்றதென்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், வில் மட்டும் இல்லை.

மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் முதலில் விச்சிக்கோனிடம் சென்றார். பெற்றுக்கொள்க என்றார். அவன் இசையவில்லை. பின்பு இருங்கோவேளிடம் சென்றார். இவர் யார் என்று வினவுவாயாயின், இவர் பாரி மகளிர். நான் இவர் தந்தையின் தோழன். என் மகளிராகக் கொண்டுவந்தேன் என்றார். இருங்கோவேளின் குலப்பெருமையையும் எடுத்துரைத்தார். துவரை என்னும் நகரை ஆண்டு, நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த வேளிர் மரபு அவனுடையது என்கிறார். எங்கிருந்தோ வந்து குடியேறிய மரபினன் எனப் புகழப்பட்டவனே, வாயிலில் வந்து நின்றவரை ஏற்கவில்லை.

அதன்பின் வரும் 202-ஆம் பாட்டு கற்பாரை நடுங்கச் செய்வது. உன் முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தான், அரையம் என்னும் ஊர் பாழாயிற்று என்று முதலில் நினைவூட்டுகிறார். சினம் மூண்டுவிட்டது என்று நாம் எதிர்பார்க்கும் வேளையில் குரல் தாழ்கிறது. இவர் பாரியின் மகளிர் என்று தெளிவில்லாமல் நான் சொன்ன புன்சொல்லைப் பொறுத்துக்கொள், விடைபெறுகிறேன், உன் வேல் வெல்வதாக என்று முடிக்கிறார். இழிவு செய்தவன் அவன். பொறுக்க வேண்டுபவர் இவர். மூவேந்தரை எள்ளிய நாவா இது? அந்நா தமக்காக எவரிடமும் தாழ்ந்ததில்லை. பாரி இறந்தபின் சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம் சென்றபோதும், இரக்க வரவில்லை, உன் புகழ் கேட்டு வந்தேன் என்றே பதிற்றுப்பத்திற் பாடியிருக்கிறார். பிறர் பெற்ற பெண்களுக்காக மட்டும் தாழ்ந்தார். வெண்ணிப் போரில் தோற்று வடக்கிருந்த சேரன், வென்ற கரிகாலனினும் நல்லவன் என்று வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடமே சொன்னார். அத்தகைய நாவீரம் பெரிது. ஆயினும் வாயில் வாயிலாகச் சென்று, மறுத்தவனை வாழ்த்திவிட்டு, அடுத்த ஊருக்கு நடந்ததை விடப் பெரிய வீரத்தை நான் படித்த அளவில் காணவில்லை.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமற் போனால் இப்பேச்சு பொய்யாகும். பல்லாண்டுகளுக்கு முன், இவ்வூர் அல்லாத வேறோர் ஊரில், எங்கள் பிரிவில் உடன் பணியாற்றிய தமிழ் அன்பர் ஒருவர் திடீரெனக் காலமானார். மனைவியும் இரு பெண்களும் இருந்தனர். குவார்ட்டர்ஸில் இருக்க இசைந்த காலம் முடியும் தறுவாயில், மூத்த பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியிருந்தது. அவ்வம்மையார் எம் வீட்டிற்கு வந்து, தேர்வு முடியும்வரை நான்கு மாதம் அவளை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ள இயலுமா, அண்ணா, என்று கேட்டார். என் தாயார் ஊரிலிருந்து வருவதாக இருக்கிறது, இடம் போதாது என்றேன். தாயார் அவ்வாண்டு வருவதாக இல்லை. அவ்வம்மையார் சற்று நின்றார். கேட்டது என் தவறு, மனத்திற் கொள்ளாதீர்கள், பிள்ளைகள் நன்றாயிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

202-ஆம் பாட்டை நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. விச்சிக்கோனும் இருங்கோவேளும் மலையும் படையும் உடையவர்கள். இரண்டு அறையும் ஒரு முற்றமும் உடையவனும் இருங்கோவேள் ஆகலாம் என்பதை அன்று அறிந்தேன்.

அப்பெண் தேர்வு எழுதினாள். அவளை வைத்துக்கொண்டது ஓர் ஒடியாப் பாயிண்ட்ஸ்மேன் குடும்பம். ஓரறை வீடு, ஐந்து பேர், ஆறாவதாக அவள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. புறநானூற்றின் பாட்டுக்குறிப்பின்படி கபிலரும் இறுதியில் மகளிரை மன்னர் எவரிடமும் ஒப்புவிக்கவில்லை. பார்ப்பாரிடத்தில் சேர்த்துவிட்டு, வடக்கிருந்து உயிர் துறந்தார். அப்போது பாடிய பாட்டில் பாரியிடம் ஒரு குறையும் சொல்லிக்கொள்கிறார். உடன் வரவிடாமல் என்னை இங்கேயே நிற்கச் சொல்லிவிட்டாயே என்று. அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே அவ்வளவு காலம் நடந்திருக்கிறார்.

இவ்வரலாறு வேறொரு வகையாகவும் வழங்குகிறது. விழுப்புரம்–காட்பாடி தடத்தில் திருக்கோவலூர் என்னும் ஊர் இருப்பதை நம்மவர் அறிவர். அங்கு வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாட்டு வடிவில் உள்ளது. அம்மன்னன் ஆண்டது 985 முதல் 1014 வரை. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அக்கல்வெட்டு. இராசராசனின் தாயார் மலையமான் குடியில் பிறந்தவர். பாரி மகளை ஏற்ற குடி எங்கள் குடி என்று சொல்லிக்கொள்வதில், அத்துணை நூற்றாண்டுகள் கழித்தும், ஒரு பேரரசுக்குப் பெருமை இருந்தது. மறுத்தவர் குடியினர் எவரும் அச்செய்தியைக் கல்லில் வெட்டி வைத்ததாக நான் கேட்டதில்லை.

தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. மேலே சிறு கோயில். கபிலர் குன்று என்பர். விடுமுறையில் ஊர் சென்றபோது ஒருமுறை அங்கு இறங்கினேன். ஆற்றில் நீர் குறைவு. மணலில் நடந்து பாறையருகே சென்று சிறிது நேரம் நின்றுவிட்டு, மாலை வண்டிக்குத் திரும்பினேன்.

காலம் கடந்துவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பயிலும் சிறுமியர் இருவர் பாரி மகளிரின் அவ்வைந்தடிகளையும் இப்போது உங்கள்முன் பாடவிருக்கிறார்கள். ஒருத்தி இன்று மாலைகூட மேட்டில் நின்று வேகன் எண்ணிவிட்டே வந்தாள். அவர்களுக்கு இடம் விட்டு அமர்கின்றேன்.