பனிப்பொழிவும் இல்லக் கூரைகளும்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களுக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். ஆண்டின் மிகக் கடுமையான குளிர்ப் பருவம் அது. அதனை அடுத்து இருபது நாட்கள் 'சில்லாய் குர்த்', பின்னர்ப் பத்து நாட்கள் 'சில்லாய் பச்சா' எனக் குளிர் படிப்படியாகத் தணிகிறது. இவ்வாறு எழுபது நாட்களையும் பெயரிட்டு எண்ணி வைத்திருக்கும் மக்களுக்குப் பனிப்பொழிவு எதிர்பாராத விருந்தாளி அன்று. எனினும் கடும் பனி பொழியும் ஆண்டுகளில் வீட்டுக் கூரைகள் இடிந்து விழுவதும், மாட்டுக் கொட்டில்கள் சரிவதும் நேரத்தான் செய்கின்றன. வரும் என்று தெரிந்த ஒன்றினால் இழப்பு ஏற்படுமாயின் அதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறிவிட இயலாது. திட்டமிடுதலில் உள்ள குறையும் அதில் அடங்கியுள்ளது.

பனியின் எடை

பஞ்சு போல் இறங்கும் பனிக்கு எடை உண்டு என்பது பார்ப்பவருக்குத் தோன்றுவதில்லை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராமோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். சில நாட்கள் கிடந்து இறுகியபின் அதே பருமன் 200 முதல் 300 கிலோகிராம் வரை கனக்கும். அதன்மேல் மழை பெய்துவிட்டால் நீரை உறிஞ்சிக்கொண்டு 400 கிலோகிராமையும் தாண்டக்கூடும். எனவே, பனி பொழிந்து ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுதல் தவறு. பனிக்குப் பின் வரும் மழையே கூரைக்குப் பெரும் சோதனை.

பனிச்சுமை பற்றி 1987-இல் வெளியிடப்பட்ட இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, பகுதி 4) இச்சுமையைக் கணக்கிடும் முறையை வகுத்துத் தந்தது. அதன்படி, தட்டையான கூரையும் 30 பாகை வரை சாய்ந்த கூரையும் தரையில் விழும் பனிச்சுமையில் பத்தில் எட்டுப் பங்கைத் தாங்க வேண்டும். சாய்வு 45 பாகையானால் அது பத்தில் நான்கு பங்காகக் குறையும். 60 பாகைக்கு மேல் பனி கூரையில் தங்குவதில்லை எனக் கொள்ளலாம். 25 சதுர மீட்டர் பரப்பைக் காக்கும் சிறிய கூரையை எடுத்துக்கொள்வோம். தரையில் ஒரு மீட்டர் உயரத்திற்கு இறுகிய பனி கிடக்கும் நாளில், தட்டையான கூரை சுமப்பது சுமார் 6 டன்; 45 பாகைச் சாய்வு கொண்ட கூரை சுமப்பது 3 டன். சாய்வு ஒன்றே சுமையைப் பாதியாக்கிவிடுகிறது.

முன்னோர் கண்ட வழிகள்

இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே மலைநாட்டு மக்கள் அறிந்திருந்தனர். பழைய காஷ்மீர வீடுகளில் பலகைகளின் மீது பூர்ஜ மரப்பட்டையை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன்மேல் மண் இட்டனர். பட்டை நீரைத் தடுத்தது. மண் குளிரைத் தடுத்தது. வசந்தத்தில் அம்மண்ணில் பூக்களும் மலர்ந்தன. மழை குறைந்த லடாக், ஸ்பிதி பகுதிகளில் பாப்ளர் மர உத்தரங்களின் மேல் வில்லோ மரக் குச்சிகளைப் பரப்பி, புல்லும் களிமண்ணும் இட்ட தட்டைக் கூரைகள் அமைந்தன. பனி பொழியும்போதெல்லாம் குடும்பத்தினர் மேலேறித் தள்ளிவிடுவது அங்கே அன்றாடக் கடமை.

இருபதாம் நூற்றாண்டில் துத்தநாகம் பூசிய தகரக் கூரை பள்ளத்தாக்கெங்கும் பரவியது. அது இலேசானது, பனியை வழுக்கி இறக்கிவிடுவது. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. சரியும் பனி ஒரே திரளாக விழுந்து, கீழே நிற்பவரைப் புதைத்துவிடக்கூடும். ஆகவே, வாசலும் நடைபாதையும் இறவாரத்தின் நேர் கீழே அமையலாகாது. அமைந்துவிட்ட இடத்தில் கூரைமேல் பனித் தடுப்புக் கம்பிகள் பொருத்துதல் நன்று. தடுப்பு பொருத்திய கூரையில் பனி தங்கும் என்பதால் சட்டங்களும் அதற்கேற்ற வலிமையுடன் இருக்க வேண்டும். பின்னாளில் ஒட்டிக் கட்டப்படும் தாழ்ந்த தாழ்வாரத்திற்கு ஆபத்து இன்னும் அதிகம். மேல்கூரையின் பனியும் அதன்மீதே விழுகிறது.

தகரத்தின் மற்றொரு குறை, அது வெப்பத்தைத் தடுப்பதில்லை. அறையின் வெப்பம் பரண் வழியே ஏறிப் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணை போல் நிற்கிறது. பின்னால் தேங்கும் நீர் தகர இணைப்புகளின் வழியே வீட்டுக்குள் ஒழுகுகிறது. இதற்கு மருந்து, பரணின் தளத்தில் வைக்கோலும் மண்ணும் கலந்து பூசி வெப்பம் ஏறாமல் தடுப்பதும், பரணில் காற்று உலவ வழிவிடுவதுமே ஆகும்.

குடும்பத்தின் கடமை

காக்கும் பணி இலையுதிர் காலத்திலேயே தொடங்க வேண்டும். கைமரங்களின் மூட்டுகள், ஆணிகள், தகரத்தின் கொக்கிகள் ஆகியவற்றைச் சோதித்தல், உளுத்த சட்டங்களை மாற்றுதல், கூரைமேல் கவிந்த கிளைகளை வெட்டுதல் ஆகியவை செலவு குறைந்த பணிகள். பனிக்காலத்தில் பனி இறுகுமுன் சிறிது சிறிதாக, இருபுறமும் சமமாக அகற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் ஒழித்து மறுபக்கத்தை விட்டுவைத்தால் பளு ஒருபுறமாகச் சாய்ந்து சட்டங்களை முறிக்கும். தகரக் கூரைக்கு மரப்பலகையே ஏற்றது. இரும்பு மண்வெட்டி துத்தநாகப் பூச்சைச் சுரண்டித் துருவுக்கு வழிவகுக்கும். மேலேறுபவர் இடுப்பில் கயிறு கட்டியிருத்தலும், கீழே ஒருவர் துணை நிற்றலும் இன்றியமையாதவை. கதவுகள் திடீரென இறுகிக்கொண்டாலோ, உத்தரங்களில் முறியும் ஓசை கேட்டாலோ, கூரையைக் காக்க முயலாமல் உடனே வெளியேறுவதே அறிவுடைமை.

அரசின் கடமை

ஆனால் மேலேறுவது யார்? இளைஞர் பிழைப்புக்காகச் சமவெளிக்குச் சென்றுவிட்ட வீட்டில் முதியவரும் பெண்களும் மட்டுமே இருப்பர். எனவே, கூரைப் பனி அகற்றுதலை ஊர்ப் பணியாகக் கொண்டு, பலகைகளையும் கயிறுகளையும் ஊராட்சியில் இருப்பு வைத்தல் பயன் தரும். பள்ளி, சுகாதார நிலையக் கூரைகளையும் அதே ஏற்பாட்டில் காக்கலாம்.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் ஒரு வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம் ரூபாயும், மலை மாநிலங்களில் 1.30 லட்சம் ரூபாயும் உதவியாக நிர்ணயித்தது. வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். மேலே கணக்கிட்ட 6 டன், இத்தகைய வீட்டின் தலைமேல் நிற்கக்கூடிய சுமையே ஆகும். சமவெளிக்கென வரைந்த தட்டைக் கூரையைப் பனி மிகுந்த ஊரில் அப்படியே அமைப்பது, ஏழையின் தோளில் அச்சுமையைத் தெரிந்தே ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

காலமும் கருதத்தக்கது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பனி நாட்டின் கட்டுமானப் பருவமோ பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரைதான். கூரைக்குரிய தவணை நவம்பரில் வந்தால், கணக்கில் அது அவ்வாண்டுச் செலவு. களத்தில் அது கூரையில்லாச் சுவரின்மேல் விழும் பனி. 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின், குளிர்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹௌலுக்குப் பொருள்கள் செல்லும் வழி எளிதாயிற்று. பாதை திறந்ததனால் மட்டும் கூரை எழுந்துவிடாது. பணமும் பொருளும் கோடையிலேயே ஊர் சேர வேண்டும்.

மலைநாட்டுக் குடும்பம் வாழ்நாளில் சேர்த்த பெரும் செல்வம் பெரும்பாலும் அதன் வீடே. அதன் பாதுகாப்பு ஜனவரியில் மேலேறுபவரின் துணிவை மட்டும் பொறுத்ததன்று. முந்திய கோடையில் வரைபடம் வரைந்தவரும், தவணையை உரிய நாளில் விடுவித்தவரும் அதில் பங்கு உடையவர்கள்.