‘எரர்’ வந்தா வீட்டுக்குத் திரும்பிடாதீங்க! குன்னம் இணைய அணிப் பயிற்சிக் கூட்ட உரை

(குன்னத்தில் நடைபெற்ற பாக முகவர்கள் மற்றும் இணைய அணித் தோழர்கள் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத தோழர்கள் முழுவதும் படித்து, உங்கள் கிளைக் குழுவில் பகிரவும்.)



வேப்பூர், அகரம்சீகூர், லப்பைக்குடிக்காடு, அந்தப் பக்கம் செந்துறை வரைக்கும் இருந்து பஸ் புடிச்சு வந்திருக்கீங்க. காட்டு வேலைய விட்டுட்டு வந்தவங்களும் இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க. நூறு நாள் வேலைக்குப் போனவங்க. கூட வேலை செஞ்ச எல்லாருக்கும் கூலி ஏறிடுச்சு, இவங்களுக்கு மட்டும் ஏறல. கேட்டா, “உங்க ஆதார் இன்ஆக்டிவ்னு காட்டுதும்மா”ன்னு சொல்லிட்டாங்க. இன்ஆக்டிவ்னா செத்துப்போச்சுன்னுதானே நினைப்போம்? ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஆதார் மையத்துக்குப் போயி, காசு கட்டி, பத்து விரலையும் திரும்ப வச்சுட்டு வந்தாங்க. மறுபடியும் அதே இன்ஆக்டிவ். திரும்பவும் மையத்துக்குப் போனா, “உங்க ஆதார் நல்லாத்தான்மா இருக்கு”ன்னு அனுப்பிட்டாங்க.

தோழர்களே, இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு இடத்துலயும் சொன்னது பொய் இல்ல.

2024 ஜனவரி 1-ஆம் தேதியில இருந்து நூறு நாள் கூலி ஆதார் வழியாத்தான் போகணும்னு ஒன்றிய அரசு கட்டாயமாக்குச்சு. அதுக்கு முன்னாடி பல தடவை கெடு வச்சுத் தள்ளிப்போட்டாங்க, அது வேற கதை. ஆதார் வழின்னா என்ன? உங்க கணக்கு எண்ணுக்குப் பணம் வராது. ஆதார் எண்ணை வச்சு, இது எந்த வங்கிக்குப் போகணும்னு தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துல இருக்கற ஒரு பட்டியல்ல பார்ப்பாங்க. ‘மேப்பர்’னு அதுக்குப் பேரு. அந்தப் பட்டியல்ல உங்க ஆதாருக்கு நேரா வங்கி பேரு இல்லேன்னாலோ, இருந்த இணைப்பு அறுந்துபோனாலோ கம்ப்யூட்டர் துப்புற வார்த்தைதான் ‘இன்ஆக்டிவ் ஆதார்’. கோளாறு ஆதார்ல இல்ல, வங்கி இணைப்புல. இந்தக் கூலிப் பட்டுவாடாவ ஆராய்ச்சி பண்ணுன லிப்டெக் இந்தியா குழுவும் இந்த வார்த்தை ஆளுங்கள எப்படிக் குழப்புதுன்னு எழுதியிருக்காங்க. அந்த அக்கா போயிருக்க வேண்டிய இடம் வங்கி. அந்த ஒரு வார்த்தை அவங்கள வேற பஸ்ஸுல ஏத்தி விட்டுருச்சு.

இன்னொண்ணையும் குறிச்சுக்கங்க. ஒருத்தருக்கு மூணு வங்கியில கணக்கு இருந்தாலும், கடைசியா எந்த வங்கி ஆதாரை இணைச்சுதோ அங்கதான் பணம் போகும். “பணம் போட்டாச்சுன்னு காட்டுது, ஆனா வரல”ன்னு நிக்கிறவங்க பல பேருக்கு, எப்பவோ யாரோ முகாம்ல ஆரம்பிச்சுக் குடுத்த, பாஸ்புக்கே கைக்கு வராத கணக்குல பணம் கிடக்கும்.

அடுத்து கைரேகை. நம்ம ஆளுங்க பருத்தி எடுத்த கை, சின்ன வெங்காயம் ஆய்ஞ்ச கை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வேலை பார்த்த கை. ரேகை தேஞ்சுதான் இருக்கும். மெஷின்ல வச்சா பொருந்தல. ஆதார் ஆணையத்தோட தொழில்நுட்ப ஆவணத்துல இதுக்கு 300-னு ஒரு குறியீடு. 998-னா எண்ணே தப்பு, இல்ல ஆதார் விவரம் கிடைக்கல. 811-னா உங்க ரேகையே சேமிப்புல இல்ல. மூணுக்கும் செய்ய வேண்டிய வேலை வேற வேற. 300 வந்தா விரலைச் சுத்தமா வச்சு, வேற விரலை வச்சுப் பார்க்கலாம். 811 வந்தா நாள் பூரா விரலை அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது, ஆதார் மையத்துக்குத்தான் போகணும்.

எந்தக் குறியீட்டுக்கு ஆளுகிட்ட என்ன சொல்லணும்னு அந்த ஆவணத்துலயே எழுதி வச்சிருக்காங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா அது இங்கிலீஷ்ல, சாப்ட்வேர் எழுதுறவங்களுக்காக எழுதினது. கவுண்டர்ல இருக்கறவர் கண்ணுக்கு வெறும் நம்பர் தெரியும். வரிசையில நிக்கிற பாட்டிக்குத் தெரியறது அவர் தலைய ஆட்டுறது மட்டும்தான். தமிழை ஆட்சிமொழியாக்கி நாம சட்டம் போட்டது 1956-ல. அரசோட கோப்பு தமிழ்ல பேசணும்னு அன்னைக்கே கேட்டோம். கோப்பு போயி திரை வந்திருச்சு, அந்தத் திரையும் தமிழ்ல பேசணும்னு இப்ப கேட்கணும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. பழைய கம்ப்யூட்டர்ல கீபோர்டு சொருகலேன்னா, “கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்”னு வரும். இல்லாத கீபோர்டுல எங்கய்யா அழுத்துறது? உலகமே சிரிச்சுது. ஆனா அதுக்காக யாரு வீட்டுலயும் அடுப்பு எரியாம போகல.

பேர் பொருந்தல தொல்லையும் இருக்கு. நமக்கு அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல். படிவத்துல ‘கடைசிப் பெயர்’ கட்டாயம்னு கேட்கும். ஒரு இடத்துல மு.செல்வி, இன்னொரு இடத்துல செல்வி முருகன், பாஸ்புக்குல செல்வி மு. மூணும் ஒரே ஆளுன்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ‘மிஸ்மேட்ச்’னு மட்டும் சொல்லும், எந்த எழுத்து இடிக்குதுன்னு சொல்லாது. அடுத்தவங்கள மட்டும் சொல்லல. நம்ம அணி போட்ட உறுப்பினர் படிவமே புள்ளி வச்ச இனிஷியலை ‘தவறான உள்ளீடு’ன்னு தள்ளிச்சு. பத்து நாளா நமக்கே காரணம் புரியல. நாம திருந்திட்டுத்தான் மத்தவங்களக் கேட்கணும்.

சரி, நீங்க என்ன செய்யணும்? யாராவது “எரர் வருதாம்”னு வந்தா, முதல்ல கேளுங்க: என்ன வார்த்தை, என்ன நம்பர்? திரைய ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, முடியாட்டி நம்பரைக் கையில எழுதிக்கிட்டு வரச் சொல்லுங்க. “சர்வர் இல்ல”ங்கறதுக்கும் “ரேகை பொருந்தல”ங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல்ல சொன்னதுக்கு நாளைக்கு வந்தா போதும். ரெண்டாவதுக்கு நாளைக்கு வந்தாலும் அதேதான்.

கூலி நின்னா, மை ஆதார் தளத்துல ‘வங்கி இணைப்பு நிலை’ன்னு ஒரு இடம் இருக்கு. மொபைலுக்கு வர்ற ஓடிபி போட்டா, எந்த வங்கி இணைஞ்சிருக்கு, உயிரோட இருக்கான்னு காட்டிரும். ரெண்டு நிமிஷ வேலை. இணைப்பு இல்லேன்னா வங்கிக்குப் போயி ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவம் குடுத்து, ஒப்புகைச் சீட்டு கண்டிப்பா வாங்கணும். “கே.ஒய்.சி. பண்ணியாச்சு”ன்னு சொல்றதும் இந்த இணைப்பும் ஒண்ணு இல்ல, ஏமாந்துடாதீங்க. ஆதார் சந்தேகத்துக்கு 1947, தமிழ்லயே பேசலாம். ரேஷன் புகாருக்கு 1967.

ரேகை பொருந்தலேன்னு பொருளே இல்லேன்னு சொன்னா, ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24-ல போட்ட சுற்றறிக்கைய எடுத்துக் காட்டுங்க. ரேகை விழலேங்கற காரணத்துக்காகத் தகுதி உள்ளவங்களுக்கு மறுக்கக் கூடாது, மாற்று வழியில குடுத்துப் பதிவேட்டுல எழுதணும்னு அதுல இருக்கு. சண்டை போட வேண்டாம். கடையில இருக்கற ஊழியரும் அந்த மெஷின்கிட்ட மாட்டிக்கிட்டவர்தான். மரியாதையா கேளுங்க, குடுக்கலேன்னா எழுத்துல கேளுங்க. அதுக்கும் பதில் இல்லேன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபா கட்டணம், முப்பது நாள் கெடு.

அந்த அக்கா விஷயத்தை முடிச்சுடறேன். வங்கியில படிவம் குடுத்து இணைப்பு ஏறிடுச்சு. நின்ன கூலிய மறுபடி அனுப்பச் சொல்லி ஊராட்சியில மனு குடுத்திருக்கோம், இன்னும் வரல. வந்ததும் இதே பக்கத்துல எழுதறேன்.

இப்ப மைக்கை வச்சுடறேன். பின்னாடி வரிசையில ஒரு பெரியவர் அப்பவே இருந்து கையில சீட்டோட நிக்கிறாரு. ஐயா, முன்னாடி வாங்க. அதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு முதல்ல பாத்துடலாம்.