கேமராவும் தொழில் கருவிதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்ச குடும்பத் தலைவி. இன்னைக்கு கேமரா, பாட்டு, சினிமா பத்திப் பேசப் போறேன். "குழு விழாவில சினிமாப் பேச்சா?"ன்னு சிரிக்காதீங்க. கடன் விஷயமாத்தான் பேச வந்திருக்கேன்.

எங்க குழுவில ஒரு உறுப்பினர், பன்னிரண்டாவது முடிச்ச தன் பொண்ணுக்கு கேமரா வாங்க உள்கடன் கேட்டாங்க. வலை, ஐஸ் பெட்டி, தையல் மெஷின், கறவை மாடுன்னா உடனே கையெழுத்துப் போடுற நாங்க, கேமரான்னதும் யோசிச்சோம். "இது தொழிலா, ஆசையா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அது நம்ம எல்லார் சந்தாப் பணம். அதனால நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்க முன்னாடி வைக்கிறேன்.

ஏ.ஆர். ரகுமானைத் தெரியாதவங்க யாருமில்ல. 1976-ல அவருக்கு ஒன்பது வயசு. இசையமைப்பாளரா இருந்த அப்பா ஆர்.கே. சேகர் இறந்துட்டார். அப்பா வெச்சிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அம்மா கரீமா பேகம் குடும்பத்தை நடத்தினாங்க. பையன் சின்ன வயசிலேயே மத்தவங்க குழுவில கீபோர்டு வாசிச்சு சம்பாதிச்சார். அப்புறம் விளம்பரங்களுக்கு இசை போட்டார். சொந்தமா ஒலிப்பதிவுக் கூடம் வெச்சப்போ, கருவி வாங்க அம்மா நகையைக் கொடுத்தாங்கன்னு அவரே சொல்லியிருக்கார். 1992-ல 'ரோஜா' வந்தது. 2009-ல ரெண்டு ஆஸ்கர் வாங்கினார். பின்னாடி '99 சாங்ஸ்' படத்துக்குக் கதை எழுதித் தயாரிச்சார். 'லே மஸ்க்'னு ஒரு படத்தை அவரே இயக்கினார். ஒரு வேலையில காலூன்றி, அதுல வந்த வருமானத்தையும் பழக்கத்தையும் வெச்சு அடுத்த வேலைக்குப் போயிருக்கார்.

"ரகுமான் கோடியில ஒருத்தர், நம்ம புள்ளைங்க அப்படி ஆகுமா?"ன்னு கேப்பீங்க. சரி, நம்ம மாதிரி வீட்டுப் புள்ளை ஒருத்தரைச் சொல்றேன். மதுரை எம். பழனிகுமார். அவங்க அம்மா மீன் விக்கிறவங்க. கிராமத்து மக்கள் வாழ்க்கையைப் பதிவு பண்ற 'பாரி'யில அவர் புகைப்படக்காரர். மனுஷன் கையால மலம் அள்ளுற கொடுமையைக் காட்டின 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணினவரும் அவர்தான். 2022-ல தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதல் ஆளா வாங்கினார். அவர் எடுத்தது எல்லாம் உழைக்கிற சனங்களைத்தான். தன் அம்மாவோட மீன் வியாபாரத்தையும் எடுத்தார். நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே கொசஸ்தலை ஆத்துத் தண்ணியில இறங்கி, கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர் அம்மாவையும் எடுத்திருக்கார்.

இதை நெனச்சுப் பாருங்க. பூநாரை வர்ற மாசத்துல, பெரிய பெரிய லென்ஸ் மாட்டின கேமராவோட எத்தனை பேர் நம்ம ஏரிக்கு வர்றாங்க. பறவையை எடுக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா விடியக்காலையில சேத்துல நிக்கிற நம்ம பொம்பளைங்க, வலையில இருந்து நண்டு கழட்டுற கை, கூடையோட பஸ்ஸுக்கு நிக்கிற பாட்டி, இதையெல்லாம் யார் எடுப்பா? நம்ம வீட்டுப் பொண்ணு எடுத்தாத்தான் உண்டு.

பொம்பளைங்க இதைச் செய்ய முடியுமான்னு கேட்டா, செஞ்சு காட்டிட்டாங்க. அகமதாபாத்ல சேவா சங்கத்துப் பெண்கள் 1984-லேயே வீடியோ கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டாங்க. அதுல காய்கறி விக்கிறவங்க இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இருந்தாங்க. தெலங்கானாவில பஸ்தாபூர் சங்கத்துப் பெண்கள் விவசாயக் கூலிங்க. அவங்களே படம் எடுக்கிறாங்க, 2008-ல இருந்து சங்கம் ரேடியோவும் நடத்துறாங்க. வடசென்னையில, ஆம்பளைங்க பாட்டுன்னு இருந்த கானாவைப் பாடின இசைவாணி, 2020-ல பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியல்ல இடம் பிடிச்சாங்க.

இப்ப வரவு செலவுக்கு வருவோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்னு நம்ம பக்கத்துல விசேஷத்துக்குக் குறைவில்ல. இப்போ வர்ற கேமராவில போட்டோவும் எடுக்கலாம், வீடியோவும் எடுக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் இருந்தா படத்தை வெட்டி ஒட்டலாம், பாட்டும் சேர்க்கலாம். ஆனா முகூர்த்தம் இல்லாத ஆடியிலயும் மார்கழியிலயும் வருமானம் படுத்துடும். அதனால தை, வைகாசி, ஆவணி மாசங்கள்ல தவணையைக் கூட்டி, மத்த மாசத்துல குறைச்சு வைக்கணும். முன்பணம் வாங்காம வேலைக்குப் போகக்கூடாது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். காசு வாங்கிட்டு ஒருத்தருக்காக எடுக்கிற போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் எழுதலைன்னா, காசு கொடுத்தவங்களுக்குத்தான் உரிமைன்னு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லுது. அதனால எதுவா இருந்தாலும் எழுதி வாங்கிக்கணும்.

முறையாப் படிக்கணும்னா, சென்னை தரமணியில அரசாங்கத்தோட எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கு. பன்னிரண்டாவது முடிச்சவங்க ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம்னு பட்டப் படிப்பாவே படிக்கலாம். எளாவூர்ல ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, பக்கத்துல பார்க் டவுன்ல பறக்கும் ரயிலைப் பிடிச்சா தரமணி போயிடலாம்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தொழில் கடன் பட்டியல்ல சேர்க்கணும். ரெண்டு, கூட்டமைப்பு பேர்ல பொதுவா ஒரு கேமரா வாங்கணும். ஏரியில பாடு முறை வெச்சு இன்னைக்கு இவங்க, நாளைக்கு அவங்கன்னு ஆம்பளைங்க தொழில் செய்றாங்க. அந்தப் பாட்டுல நமக்கு இடமில்ல. கேமராவுக்கு நாமளே ஒரு முறை வெச்சு, ஆசைப்படுற பொண்ணுங்க எல்லாரும் கத்துக்க விடலாம். மூணு, அடுத்த வருஷ விழாவுக்கு வெளியூர்ல இருந்து போட்டோகாரர் வேண்டாம். நம்ம பொண்ணுங்களே எடுக்கட்டும். ஆனா சொந்தப் பொண்ணுதானேன்னு சும்மா எடுக்கச் சொல்லாதீங்க. வெளியாளுக்குக் குடுக்கிற அதே கூலியை அவங்க கையில குடுங்க.